சாயங்கால ஷிப்ட்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எல்லாருக்கும் அவள் புரோகிராம் அக்கா. கூடப் பிறந்த தங்கையும் அங்கேதான், சாயங்கால ஷிப்டில். மறுநாள் வரவேண்டிய நோயாளிகளின் பட்டியலை எடுக்க மெஷின் மணிக்கணக்கில் முக்கும். பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். புருஷனைப் பறிகொடுத்து, மகளோடு வந்து தன் வீட்டில் ஒண்டிய தங்கைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காதான்.

ஒருநாள் பட்டியல் முடியாமல், காலை வரிசையில் காத்திருந்த பெரியவர் மயங்கி விழுந்தார். சூப்பரின்டென்ட் கத்தித் தீர்த்தார். அக்கா புரோகிராமைப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு நோயாளியின் பதிவுக்கும் அது தனித்தனியாக டிஸ்க்குக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

"ஒரு வெங்காயம் வாங்கிட்டு வந்து, அடுத்த வெங்காயத்துக்கு மறுபடி கடைக்கு ஓடுற கதைடி."

"அப்ப கூடையோட போகச் சொல்லு!" என்றாள் தங்கை.

அக்கா அதைத்தான் செய்தாள். நூறு பதிவுகளை ஒரு கட்டாக்கி, ஒரே வாசிப்பில் மெமரிக்குக் கொண்டுவந்தாள். ஒரு கட்டை அலசும்போதே அடுத்தது, மெமரியில் அதற்கென ஒதுக்கிய இன்னொரு பஃபரில் வந்து நிற்கும்.

முதல் நாள் தங்கை மெஷினை ஓடவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தால் திரை சும்மா கிடந்தது. "அக்கா, படுத்துடுச்சு!" என்று போனில் அலறினாள். படுக்கவில்லை, வேலையே முடிந்திருந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வாரம் சூப்பரின்டென்ட் அக்காவைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "இனிமே பகல்லயே முடிச்சிடலாம். சாயங்காலத்துக்கு ஆள் வேண்டாம்."

"தங்கச்சிக்கு வேற பிரிவுல ஏதாவது, சார்..."

"இடமில்லம்மா."

"அப்ப பழையபடியே மாத்திடறேன் சார்."

"விளையாடறீங்களா? ஜனங்க கால்கடுக்க நின்னது மறந்துபோச்சா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளை அறுத்தது.

தங்கை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தொலைவில் வேறொரு ஊரில் துணிக்கடை வேலை கிடைத்தது. பெட்டி அடுக்கும்போது, "நீ நல்லதுதானேக்கா செஞ்சே," என்றாள், நிமிராமல். குழந்தை பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. பிய்த்துத்தான் எடுத்தார்கள்.

ஆரம்பத்தில் தினமும் போன் வந்தது. போகப்போக, "கடையில கூட்டம்க்கா, அப்புறம் பேசறேன்," என்பதோடு சரி.

ஆஸ்பத்திரி வரிசை இப்போது மளமளவென்று நகர்கிறது. வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சமைக்க அவளுக்கு இன்னும் கை வரவில்லை. மீந்ததை மறுநாள் அவளே சுடவைத்துச் சாப்பிடுகிறாள்.