மோட்டாருக்குக் காய்ச்சல்

என் அக்கா வீட்டுக்காரர் சுரங்கத்துக்கு ஆற்றுத் தண்ணீர் இறைக்கும் பம்புக் கொட்டகையில் வேலை பார்த்தார். பொய் சொல்ல வராத மனிதர். அக்கா வைத்த குழம்பை நன்றாயிருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவர் வருஷத்துக்கு ஒரு பொய்யை மட்டும் கூசாமல் சொல்வார்.

கொட்டகைக்குக் கொஞ்சம் கீழே ஆற்றின் குறுக்கே ஒரு பாறைத் திட்டு. முதல் மழை விழுந்ததும் மீன்கள் முட்டையிட அதைத் தாண்டித்தான் மேலே ஏறவேண்டும். வருகிற புதுத் தண்ணீரில் பாதியை மோட்டார் குடித்துவிட்டால் பாறை நனைவதோடு சரி. மீன்கள் வயிற்றைத் தேய்த்துத் துள்ளித் துள்ளி விழும், காக்கைகளுக்குக் கொண்டாட்டம். அத்தானுக்கு அது பொறுக்காது. மோட்டாரை நிறுத்துவார், ஒரு சாக்கை நனைத்து அதன்மேல் போடுவார், ஆபீசுக்குப் போன் செய்வார்.

"சார், மோட்டார் கொதிக்குது சார். கை வைக்க முடியல."

அன்று காலை அவர் கிளம்பும்போதே அக்கா, "மீனுக்குப் பாவம் பாத்து ஒருநாள் நம்மள நடுத்தெருவுல நிறுத்தப் போறீங்க" என்று கத்திவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை என்னிடம் கொடுத்தனுப்புவாள். நான் போய், "என்ன அத்தான், பிரசவம் நல்லபடியா ஆச்சா?" என்பேன். மனிதருக்கு வாயெல்லாம் பல். பாறைமேல் தண்ணீர் ஒரு சாண் ஏறியிருக்கும். மீன்கள் சாரிசாரியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றைக்கூடப் பிடிக்க விடமாட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு வருஷம் இன்ஜினியரே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். தூக்கோடு நானும் அங்கே நின்றிருந்தேன். சாக்கை விலக்கி மோட்டாரைத் தொட்டார். சில்லென்று கிடந்தது. அத்தானுக்கு வியர்த்து வழிந்தது.

"மோட்டாரவிட உமக்குத்தான்யா காய்ச்சல்" என்றவர், ஆற்றைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சாக்கை அவரே இழுத்துப் போர்த்தினார். "சாயங்காலம் வரைக்கும் ஆறட்டும்."

அன்றைக்கு அத்தான், யாரும் கேட்காமலே, குழம்பு நன்றாயிருக்கிறது என்றார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வேலை போயிடுச்சா?"

அந்த நாட்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது, பின்னாலேயே அழுகையும் வருகிறது. இன்ஜினியர் மாற்றலாகிப் போனார். சுரங்கம் பெருத்தது. அத்தான் ஓய்வு பெற்றதும் இன்னும் பெரிய மோட்டாராகக் கொண்டுவந்து வைத்தார்கள். கொட்டகைக்கு ஆளே வேண்டாமாம், ஆபீசிலிருந்தே ஓட்டிக்கொள்வார்களாம்.

அடுத்த முதல் மழை பெய்த காலையில் அத்தானை வீட்டில் காணோம். அக்கா தூக்கை நிரப்பிக் கொடுத்தாள். எங்கே போகவேண்டும் என்று எனக்கா தெரியாது?

பாறைமேல் தண்ணீர் ஏறவே இல்லை. அதற்குக் கீழே தேங்கிய தண்ணீரில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டிருந்தன. காக்கைகள் வந்துவிட்டன. அத்தான் கொட்டகைக்குள் நின்றார். ஓடிக்கொண்டிருந்த புது மோட்டார்மேல் ஈரச்சாக்கு.

"போன் போட்டேன். கொதிக்குதுன்னு சொன்னேன். ஆபீசுல இருக்கற பையன் ஏதோ திரையில பாத்துட்டு, இல்லீங்களே, நல்லாத்தானே ஓடுதுங்கிறான்." என்னைப் பார்த்தார். "நீயே தொட்டுப் பாரும்மா."

தொட்டேன். ஈரத்தில் சில்லென்றிருந்தது.

"ஆமா அத்தான்" என்றேன். "கொதிக்குது."