பச்சை உட்காரும், சிவப்பு நிற்கும்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் சாயக்காரர். துணிக்குச் சாயம் போட்டவரில்லை. ஊர் முழுக்கக் கிளை விரித்திருந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், ஒவ்வொரு கடைக்கும் வாராவாரம் நிறம் பூசுகிற வேலை.

அந்த வேலை வந்த கதை இப்படி. முதலாளி ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தவர் வாயில் 'டேட்டா' என்ற சொல் இல்லாமல் ஒரு தும்மல்கூட வெளியே வரவில்லை. அடுத்த மாதமே பிசினஸ் இன்டெலிஜென்ஸ் மென்பொருள் வந்து இறங்கியது. அதைக் காட்ட ஒரு திரையும் வந்தது. கூட்ட அறையின் கதவு நிலையைப் பெயர்த்து எடுத்துத்தான் திரையை உள்ளே கொண்டுபோக முடிந்தது. அந்தச் சுவரில் பரம்பரையாகக் குடியிருந்த பல்லி வீடிழந்து கணக்குப் பிரிவில் தஞ்சம் புகுந்தது என்று சொல்வார்கள். பல்லியைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள்.

திரையில் கடைக்கு ஒரு கட்டம். கடைகளில் போடுகிற பில்லெல்லாம் மென்பொருளுக்குள் வந்து சேரும். வாரத்துக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்று ஒவ்வொரு கடைக்கும் ஓர் இலக்கு உண்டு. இலக்கை எட்டினால் கட்டம் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. மஞ்சளும் இருந்தது, முதல் வாரம். "மஞ்சள்னா என்னய்யா அர்த்தம்? நல்லாருக்கா, நாசமாப்போச்சா? ஒண்ணு சொல்லு" என்று முதலாளி கேட்டதில் மஞ்சள் மறைந்துபோனது. இலக்கு எண்களைத் தட்டி வைக்கிறவர் சாயக்காரர். முதலாளி வருடத் தொடக்கத்தில் அவற்றை ஒரு முறை பார்த்ததோடு சரி. அதன்பிறகு அவர் பார்த்ததெல்லாம் நிறம்தான்.

திங்கட்கிழமை தோறும் கடை மேலாளர்கள் எல்லோரும் அந்தத் திரைக்கு முன்னால் கூடுவார்கள். முதலாளி ஒரு விதி வைத்திருந்தார். சிவப்புக் கடைக்காரர் எழுந்து நிற்க வேண்டும். பச்சைக் கடைக்காரர் உட்கார்ந்திருக்கலாம். "பச்சைக்கு என்ன பேச்சு? அது ஓடுது, ஓடட்டும்" என்பார். நின்றவர்களுக்கு விழும் வசவைக் கேட்டு ஜன்னல் கண்ணாடிகூடத் தலையைக் குனிந்துகொள்ளும். தேநீர் வரும்வரை வசவு. தேநீர் வந்த பிறகு முதலாளி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சரி, என்ன வேணும் உனக்கு? சொல்லித் தொலை" என்பார். ஒருவர் புது இயந்திரம் கேட்பார், இன்னொருவர் ஆள் கேட்பார். அநேகமாகக் கிடைத்துவிடும். ஆனால் அறையை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு நினைவில் நிற்பது வசவு மட்டும்தான்.

சாயக்காரருக்கும் அப்படித்தான்.

மேலாளர்களில் ஒருவர் அவருடைய சொந்த அக்கா. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடை அக்காவுடையது. உடையது என்றால் சொத்து இல்லை, உயிர். கவுண்டரில் நின்று பிரேம் எடுத்துக் கொடுக்கிற பெண்ணாகச் சேர்ந்து மேலாளர் ஆனவர். வழி கேட்டு உள்ளே நுழைந்தவர்கூட அக்காவிடம் மாட்டினால் கண்ணாடியோடுதான் வெளியே போவார். கேட்க வந்த வழி மட்டும் மறந்துபோயிருக்கும். தம்பியைப் படிக்க வைத்ததும் இந்தக் கம்பெனிக்குள் நுழைத்ததும் அந்த வாய்தான். நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வாய் தேயவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குக் குடிபோயிற்று. கண் டாக்டர் எழுதிய சீட்டோடு வருகிற கூட்டமும் அதன் பின்னாலேயே போய்விட்டது. அக்கா பதறவில்லை.

"ஆஸ்பத்திரி போன இடத்துக்கே நம்ம கடையும் போயிரணும்டா. அங்க வாசல்லயே ஒரு இடம் காலியா இருக்கு, நான் போய்ப் பாத்துட்டேன். வேற எவனாவது புடிக்கிறதுக்குள்ள சார்கிட்ட கேட்டுரணும்" என்றார் தம்பியிடம்.

அந்தத் திங்கட்கிழமை அக்காவின் கட்டம் முதல்முறையாகச் சிவந்தது. அக்கா எழுந்தார். முழங்கால் நடுங்கியது, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முதலாளி குரலை உயர்த்தினார். தேநீரும் வந்தது. ஆனால் அவர் 'என்ன வேணும்' என்று கேட்பதற்குள் கைப்பேசி அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் திரும்பி வரவில்லை, கூட்டம் கலைந்தது.

அன்று சாயக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. "முட்டி ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. அவ்வளவு பேர் முன்னாடி!" என்று மனைவியிடம் சொன்னார்.

"உங்க அக்காவை நிக்க வெச்சது யாரு, அந்த மெஷின்தானே? அந்த மெஷினுக்குச் சோறு ஊட்டுறது யாரு, நீங்கதானே? அப்புறம் என்ன, இங்க வந்து மூக்கைச் சிந்திக்கிட்டு" என்றார் மனைவி.

மறுநாள் காலை சாயக்காரர் அக்கா கடையின் இலக்கை மட்டும் குறைத்துத் தட்டினார். கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை. சிவப்பு கரைந்து பச்சை வந்தது.

அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்து நிற்கத் தயாராக வந்து, திரையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தேநீர் வந்ததும் கையைத் தூக்கினார்.

"சார், எனக்கு ஒரு விஷயம்..."

"நீங்க பச்சைம்மா! பச்சைக்கு என்ன குறை? உக்காருங்க, நிம்மதியா டீ குடிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே வந்ததும் அக்கா தம்பியை மடக்கினார்.

"டேய், நான் அங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். எப்படிடா பச்சை வந்துச்சு?"

"மெஷின் ஆயிரம் விஷயம் பாத்துத்தான்க்கா போடும். அதெல்லாம் உனக்குப் புரியாது."

"புரிய வேணாம். இடம் மாத்துறதை நான் எப்படிடா கேக்கறது?"

"நான் கேக்கறேன். நீ கவலைப்படாம இரு."

சொன்னபடி கேட்கவும் செய்தார். முதலாளி திரையைக் காட்டினார். "உங்க அக்கா கடை பச்சையா இருக்கு. ஓடுற கடையை எதுக்குய்யா நகர்த்தணும்? டேட்டாவை வெச்சுப் பேசு, பாசத்தை வெச்சுப் பேசாதே." டேட்டா பொய் என்று சொல்ல வாய் வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

பிறகு முதலாளிக்கு இன்னொரு ஞானம் பிறந்தது. "இனிமே முடிவெல்லாம் திரைதான் எடுக்கும். என் வேலை கையெழுத்துப் போடுறது மட்டும்" என்று அறிவித்தார். கடைத்தெருக் கிளை பல வாரமாகச் சிவந்து கிடந்தது. அதன் மேலாளர் பாதி வாழ்க்கையை நின்றே கழித்தவர். வசவு வாங்கி வாங்கி அவர் தோல் மூக்குக்கண்ணாடிப் பெட்டி மாதிரி கெட்டியாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை, தேநீருக்குப் பிறகு அவர் சாவகாசமாகச் சொன்னார்: "சார், புது ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு இடம் காலியா இருக்காம். அங்க மாத்திக் குடுங்க. லென்ஸ் வெட்டிப் பொருத்த ஒரு நல்ல ஃபிட்டரும் வேணும்."

"அப்படிக் கேளு!" என்று மேஜையைத் தட்டினார் முதலாளி. "பச்சைக் கடைல இருந்து ஒரு ஃபிட்டரை எடுத்துக்கோ. அவங்களுக்குத்தான் எல்லாம் நல்லா ஓடுதே."

எடுத்தது அக்கா கடை ஃபிட்டரை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று கையைத் தூக்கவில்லை.

ஃபிட்டர் போன பிறகு, லென்ஸ் பொருத்த வேறு கிளைக்கு அனுப்பி வாங்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்த வாடிக்கைக்காரர்களும் காத்திருந்து அலுத்துப்போனார்கள். விற்பனை இன்னும் விழுந்தது. சாயக்காரர் இலக்கை இன்னும் இறக்கினார். பேசாமல் சிவக்க விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் செழிப்பாக இருந்த கட்டம் திடீரென்று சிவந்தால் முதலாளி ஏன் என்று கேட்பார். இலக்கைத் திறந்து பார்ப்பார். பயம் அவர் விரலைப் பிடித்து எண்ணை அழுத்தியது.

மென்பொருள் விற்றவர்கள் அதைப் புதுப்பித்தார்கள். இப்போது அதனிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்லும். முதலாளி குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி உட்கார்ந்து தட்டினார்: எந்தக் கடையை மூடினால் கம்பெனிக்கு இழப்பு குறைவு?

அது யோசிக்கவே இல்லை. எந்தக் கடையிடம் மிகக் குறைவாக எதிர்பார்க்கிறோமோ, அதாவது எதன் இலக்கு மிகச் சிறியதோ, அதை மூடலாம் என்று சொல்லி, அக்கா கடையின் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பச்சைக்கு நடுவே அழகாகத்தான் இருந்தது.

சாயக்காரர் அன்றைக்கே முதலாளி அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டினார். இலக்கைக் குறைத்தது, மறுபடி குறைத்தது, அக்காவின் முழங்கால், எல்லாம். முதலாளி கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மத்த கடைக்கும் செஞ்சியா?"

"இல்ல சார். சத்தியமா அக்கா கடை மட்டும்தான்."

"கம்பெனில பணம் போட வர்றவங்களுக்கு இந்தத் திரையைத்தான் காட்டியிருக்கேன். ஒரு கட்டம் பொய்னு தெரிஞ்சா அத்தனை கட்டமும் பொய்னுதான் சொல்லுவாங்க. புரியுதா? நீ எங்கிட்ட எதுவும் சொல்லலை. நான் எதுவும் கேக்கலை."

"அப்ப அக்கா கடை சார்?"

"திரை முடிவு பண்ணிடுச்சுய்யா. நான் என்ன பண்ண முடியும்?"

அடுத்த மாதம் சாயக்காரருக்குப் பதவி உயர்வு வந்தது. நீளமான பதவி, படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

கடை மூடுகிற அன்று, வாசலில் தொங்கிய பெரிய மூக்குக்கண்ணாடிப் பலகையை இரண்டு பேர் ஏணி போட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அக்கா பிரேம்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் போய் நின்று, தான் செய்ததைச் சொன்னார். அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்காகத்தான் செஞ்சியா?"

"உனக்காகத்தான்க்கா. நீ நிக்கறதை என்னால பாக்க முடியலை."

"நின்னா காலுதானேடா வலிச்சிருக்கும்? அந்தாளு திட்டுவான், டீயைக் குடிப்பான், என்ன வேணும்னு கேப்பான். கேட்டிருப்பேன்டா. என் வாய் என்னைக்கு என்னைக் கைவிட்டிருக்கு?" ஒரு பிரேமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாத வெறும் பிரேம். "உக்கார வெச்சே முடிச்சுட்டியேடா."

இப்போது அக்கா ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறார். அங்கே அவருக்கு நாற்காலி உண்டு. புது ஆஸ்பத்திரி வாசலில் கம்பெனியின் கிளை அமோகமாக ஓடுகிறது. திரையில் அதுதான் எல்லாவற்றையும்விட அடர்ந்த பச்சை. கடைத்தெருவில் இருந்து அங்கே போன மேலாளர் உட்கார்ந்தே பழகி, கொஞ்சம் தொப்பை போட்டுவிட்டார்.

சாயக்காரர் எப்போதாவது அக்கா வீட்டுக்குப் போவார். அக்கா அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, தேநீர் கொடுத்துவிட்டு, எதிரே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"உக்காருக்கா. முட்டி வலிக்கும்."

"வலிக்கட்டும். ஏதாவது கேக்கணும்னா நின்னாத்தானே கேக்க முடியும்?"

தம்பி தேநீரைக் குடித்து முடிக்கும்வரை அக்கா நின்றுகொண்டே இருப்பார். இதுவரை எதுவும் கேட்டதில்லை.