காராமணிக்கு எல்லை போட்டவர்

என் நாத்தனார் கணவர் முப்பத்தொரு வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். ஊர் வைத்த பெயர் டேப்பு. அவர் வீட்டுக் கொசுகூட வரிசையில் வந்துதான் கடிக்கும். கடிபட்டவள் சொல்கிறேன், நம்புங்கள்.

ஓய்வு பெற்றதும் நான்கு மாடு வாங்கினார். கறப்பதும் சாணி அள்ளுவதும் நாத்தனார் பொறுப்பு; மாடுகளுக்கு நம்பர் போடுகிற கடினமான வேலையை அவரே ஏற்றுக்கொண்டார்.

ஆறே மாதத்தில் பால் நீர்த்துப்போனது. பால் சங்கத்துப் பரிசோதகர் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தண்ணி ஏதாவது சேருதா சார்?"

யாரைப் பார்த்துக் கேட்டார்? பக்கத்து வயல் தண்ணீர் தன் வரப்பை ஒரு விரற்கடை தாண்டினாலும் மனு எழுதுகிற மனிதரை. அவருடைய சங்க உறுப்பினர் அட்டையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. மூன்றாவது விழுந்தால் அட்டை போய்விடும். பாலில் தண்ணீர் கலந்தவர் என்று சங்கத்துச் சுவரில் பெயரும் ஏறும்.

கால்நடை மருத்துவர் வந்து மாடுகளைப் பார்த்தார். வெறும் மக்காச்சோளத் தட்டையைத் தின்றால் வயிறுதான் நிறையும், பாலுக்குச் சத்து போதாது, காராமணியையும் கூடவே விதைத்து இரண்டையும் பச்சையாகச் சேர்த்து அறுத்துப் போடுங்கள் என்றார்.

டேப்பு விதைத்தார். கயிறு கட்டி, முளை அடித்து, மக்காச்சோளம் ஒரு வரிசை, காராமணி ஒரு வரிசை, நடுவே அளந்த இடைவெளி. மிஞ்சிய விதைகளை நாத்தனார் ஒரே வாளியில் கொட்டிக் கலந்து, கொட்டகைக்குப் பின்னால் கோழிக்கு இறைப்பதுபோல் வீசிவிட்டு வந்தார். அந்த மூலைக்கு டேப்பு வைத்த பெயர் குப்பைமேடு.

காராமணிக்கு அளவை விதிகள் தெரியாது. கொடி ஓடியது, இடைவெளியைத் தாண்டிச் சோளத்தைக் கட்டிக்கொண்டது. டேப்புக்கு இது அப்பட்டமான ஆக்கிரமிப்பு. தினமும் காலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கொடியாகப் பிரித்து, அதனதன் வரிசையில் குச்சி நட்டுக் கட்டினார். பதினேழு நாள். ஊரில் பாதிப்பேர் வேலைக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிரித்த கொடிகள் ஒடிந்து, வாடி, கருகின. மிஞ்சியது சோளம் மட்டும். மாடுகள் அதையே மென்றன. இரண்டாவது கோடு விழுந்தது.

அன்று இரவு மனிதர் சாப்பிடவில்லை. "செவுத்துல பேர் ஏறிடுச்சுன்னா நான் வெளிய தலை காட்ட முடியாதும்மா," என்றார். மறுநாளிலிருந்து நாத்தனார், கணவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, சோளத்தோடு காராமணி பின்னிப் பிணைந்து கிடந்த குப்பைமேட்டில் அரிவாளை வைத்தார்.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதகர் கருவியை மிதக்கவிட்டார். பார்த்தார். துடைத்து மறுபடி விட்டார். பால் தேறியது. மூன்றாவது கோடு விழவில்லை.

"என்ன சார் போடுறீங்க மாட்டுக்கு?"

டேப்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரை வயலுக்கே கூட்டிப் போனார். வரிசைகளையும் இடைவெளிகளையும் விளக்கினார். பரிசோதகர் கேட்டுக்கொண்டே கொட்டகையைச் சுற்றி நடந்து, பாதி அறுத்த மூலையில் நின்றுவிட்டார்.

"இதைத்தானே போட்டிருக்கீங்க. அங்க புதுசா ஒரு தட்டைகூட அறுக்கலையே?"

டேப்பு மனைவியைப் பார்த்தார். மனைவி மாட்டைப் பார்த்தார். மாடு கொடியை மென்றுகொண்டிருந்தது.

அடுத்த போகத்துக்கு அவர் கயிறு கட்டவில்லை. திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். வாளியில் விதைகளைத் தானே கலந்து மனைவி கையில் கொடுத்தார். பின்னால் டேப்போடும் நோட்டோடும் நின்றுகொண்டு, "அன்னைக்கு வீசுன மாதிரியே வீசும்மா, ஒவ்வொரு விதையும் எவ்வளவு தூரத்துல விழுதுன்னு குறிச்சுக்கறேன்," என்றார்.

"நீங்க குளிச்சிட்டு வாங்க," என்றார் நாத்தனார்.