மருந்து வரவில்லை என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்றேன். என் நோயாளி அதை நம்பினார்.

ஏற்காட்டில் சிறிய கிளினிக் நடத்தும் மருத்துவர் நான். ஸ்டீபன், வெள்ளக்கடையிலிருந்து சேலத்துக்குக் காப்பி மூட்டை ஏற்றிப்போகும் பிக்கப் ஓட்டுநர். தூக்கம் வராமல் வண்டி ஓட்ட யாரோ கொடுத்த போதைத்தூள், பிறகு அவரை விடவில்லை. மனைவி மேரிதான் என்னிடம் அழைத்துவந்தார்.

அந்தத் தூளின் வகையையே சேர்ந்த, ஆனால் மெல்ல வேலை செய்யும் மாத்திரையை அளவோடு கொடுத்தேன். தினமும் காலையில் வந்து என் கண்முன்னே விழுங்க வேண்டும். இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. அவருக்குப் பலித்தது. தூளை விட்டார், உடம்பு தேறியது.

"இப்பத்தானுங்க டாக்டரம்மா, ஊட்டுல உக்காந்து நிம்மதியா சோறு திங்கறேன்" என்றார்.

பிறகு ஊர் நடுவே ஒண்டிக்கடை முக்கில் பேச்சு கிளம்பியது... போதைக்காரனுக்கு டாக்டரே போதை கொடுக்கிறாளாம். ஸ்டீபனைக் கண்டதும் ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வாசலோடு திரும்பிப்போனாள். நிறுத்தும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் பயந்தேன்... எதற்கு? நல்ல டாக்டர் என்ற பெயருக்காகவா? வேறு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டீபனிடம், கம்பெனியிலிருந்து மருந்து வருவது நின்றுவிட்டது என்றேன்.

"ஏனுங்க, கொஞ்சங்கொஞ்சமா குறைச்சு நிறுத்த முடியாதுங்களா? ஒரேயடியா விட்டா பழையபடி போயிருவனோன்னு பயமா இருக்குதுங்க."

"கையில ஒண்ணுகூட இல்லைங்க ஸ்டீபன்."

மாத்திரைகள் என் மேசை இழுப்பறையில் இருந்தன.

"செரிங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று எழுந்துகொண்டார்.

நீங்களாக இருந்தால் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பீர்களா? நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

அவர் தூளுக்கே திரும்பினார். மழைக்காலம் முடிவதற்குள் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது. பிக்கப்பை வேறொருவர் ஓட்டுகிறார். மேரி எஸ்டேட் வேலைக்குப் போகிறார்.

ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு மாதாமாதம் கணவரை என்னிடமே கூட்டிவருகிறார். போன முறை வந்தபோது, "அந்த மருந்து நிக்காம வந்திருந்தா இவரு நொம்ப நல்லா இருந்திருப்பாருங்க. அந்தக் கம்பெனிக்காரங்க நல்லா இருப்பாங்களா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிடத்தான் வாய் திறந்தேன்...

"உப்பைக் குறைச்சுப் போடுங்க மேரி" என்றேன்.

ஸ்டீபன் இடது கையை மட்டும் உயர்த்தி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.