பூச்சந்தைச் சைக்கிள் கொட்டகை

கட்டடப் பொறியியல் முடித்து ஒரு வரைபட அலுவலகத்தில் சேர்ந்த பிறகு நான் தனியாக வரைந்த முதல் வேலை, திண்டுக்கல் பூச்சந்தைக்குப் பக்கத்திலிருக்கும் சைக்கிள் கொட்டகை. தகரக் கூரை ஏற்கெனவே இருந்தது. நான் சேர்த்தவை: சிமெண்ட் தரை, தரையில் பதித்த இருபது இரும்பு வளையங்கள், வளையங்களுக்கு நடுவே இரண்டடி இடைவெளி. வளையத்துக்கு ஒரு சைக்கிள். சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போகலாம்.

ஒன்றைக் கேட்காமல் விட்டிருந்தேன். பூட்டுக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் அந்தக் கொட்டகையில் யாரும் பூட்டுவதில்லை. பூட்டினால் திட்டு விழும். பிந்தி வருபவர் மற்ற சைக்கிள்களை நகர்த்தி, நெருக்கி, தன்னுடையதைச் செருகுவார். எடுக்கிறவரும் அப்படித்தான். அதனால்தான் அங்கே நாற்பது சைக்கிள் வரை அடங்கியிருந்தன.

திறந்த மூன்றாம் நாள் காலையில் பார்க்கப் போனேன். இருபது வளையத்திலும் இருபது பூட்டு. எதையும் நகர்த்தி நடுவே இன்னொன்றைச் செருக வழியில்லை. அகரத்திலிருந்து மல்லிகை கொண்டுவரும் ஓர் அக்கா, பின் கேரியரில் பூமூட்டையோடு சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். தெருவில் விட்டால் பூ வேன்கள் இடித்துத் தள்ளிவிடும். முதல் ஏலத்தைத் தவறவிட்டால் மொட்டு விரியத் தொடங்கும், விலை இறங்கும்.

“இத வரஞ்ச புள்ள நீதானா?”

“ஆமாக்கா.”

“பாக்க அம்புட்டு அழகா இருக்கு. என் சைக்கிள எங்க நிறுத்தட்டும், உன் தலையிலயா?”

எதிரே தோல் கடையைத் திறந்துகொண்டிருந்த பாய் சிரித்தார். முதல் வளையத்தில் நின்றது அவருடைய சைக்கிள். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்களுமா பாய் பூட்டுனீங்க? இத்தன வருசம் சும்மாத்தான கெடந்துச்சு?”

“வளையத்தப் பாத்ததும் களவு பயம் வந்துருச்சுக்கா. இப்ப எடுத்தா நான் எங்க விடுறது, கல்லாப்பெட்டி மேலயா?”

அக்கா ஹேண்டில்பாரை என் கையில் திணித்தார். “அப்ப நீயே பிடி. செத்த நேரத்துல வந்துர்றேன்.” மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிட்டேன். போய்விட்டார்.

ஒரு மணி நேரம் நின்றேன். அதற்குள் ஒன்பது பேர் வந்து, பூட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். உள்ளே நின்றவை பெரும்பாலும் கடைக்காரர்களுடையவை. சாயங்காலம் வரை நகராது. சந்தைக்கு வருகிறவர்களுக்கு வேண்டியதோ காலையில் ஒரு மணி நேரம். என் வரைபடம் இடத்தை முந்தி வந்தவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டது.

அக்கா வெறுங்கையோடு திரும்பினார். “முத ஏலம் போச்சு. ரெண்டாவதுல வந்த விலைக்குத் தள்ளிட்டேன். நாளைக்கும் வந்து பிடிப்பியா?”

“வாரேன்க்கா.”

வளையங்களை அறுத்தெடுக்கச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். “போட்டத அறுக்கணும்னு தானா வந்து கேக்குற மொத ஆளு நீதாம்மா.”

ஆள் வர ஆறு நாள் ஆனது. ஆறு நாளும் காலையில் போய் அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழாம் நாள் தரையில் அறுத்த தழும்புகள் மட்டும் இருந்தன. அக்கா வந்தார். பாயின் சைக்கிளை இடுப்பால் ஓரம் தள்ளித் தன்னுடையதைச் செருகினார். மூட்டையைத் தூக்கிவிடக்கூட என்னைக் கூப்பிடவில்லை. முதல் ஏலம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.