அக்காவின் பெட்டியில் கலர் லைட்

போன வாரம் என் அக்காவின் முகத்தைப் பச்சையாகப் பார்த்தேன். அடுத்த நொடி நீலம். அதற்கடுத்து சிவப்பு.

அக்கா இறந்துவிட்டாள். மோகனூரில், அவள் வீட்டு முன்கூடத்தில், கண்ணாடி மூடிய ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தாள். பெட்டியின் விளிம்பைச் சுற்றி எல்இடி பட்டை. அது பாட்டுக்கு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

யாரோ செய்த லைட் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதை டிசைன் செய்தவனே நான்தான்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன் நான் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். கை சும்மா இருக்காது. சில மாதங்களுக்கு முன், பந்தல், சேர், ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தானாக நிறம் மாறும் லைட்டுக்கு சிம்பிளாக ஒரு சர்க்யூட் வேண்டும் என்றார். ரெடிமேடாக வாங்குவது நாலு ஊர் போய்வந்தால் போய்விடுகிறதாம். கல்யாண மேடைக்கா என்று கேட்டேன். எல்லா ஃபங்ஷனுக்கும்தான் என்றார்.

சந்தோஷமாக உட்கார்ந்தேன். ஒரு 555 டைமர் ஐசி துடிப்புக் கொடுக்கும். ஒரு கவுன்ட்டர் ஐசி அதை எண்ணி சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக எரிய வைக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க, ஸ்க்ரூடிரைவரால் திருப்புகிற சின்ன பிரீசெட் ஒன்று. ஆஃப் ஸ்விட்ச் மட்டும் வேண்டாம் என்றார் – வாடகைச் சாமானில் முதலில் உடைவது அதுதானாம். சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த சர்க்யூட்தான் அன்றைக்கு அக்காவின் தலைமாட்டில் இருந்தது. போதாததற்கு வேகத்தையும் யாரோ முழுசாகக் கூட்டி வைத்திருந்தார்கள்.

அக்காவுக்கும் கலருக்கும் என்ன சம்பந்தம் தெரியுமா? சின்ன வயதிலேயே மச்சான் போய்விட்டார். அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. இந்தக் காலத்தில் யார் அப்படி இருக்கிறார்கள் என்கிறீர்களா? அவள் புகுந்த வீட்டில் அப்படித்தான் இருக்கச் சொன்னார்கள், இருந்தாள். ஒரு தீபாவளிக்கு ஊதாக் கலர் சேலை எடுத்துக்கொண்டு போனேன். தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கட்டிக்கோணும்னுதான் இருக்குது தம்பி. கட்டிக்கிட்டு எந்த ஊட்டுக்குப் போறது?"

மகன் கல்யாணத்தில் மேடை முழுக்கக் கலர் லைட். பெற்றவள் சாப்பாட்டு ஹால் வாசலோரம், கடைசி சேரில் உட்கார்ந்து பார்த்தாள். அவளை மேடைக்குக் கூப்பிடச் சொல்லி நான் சத்தம் போட்டேன். சொந்தக்காரர்கள் என்னைத்தான் வெளியே கூட்டிப்போய் சமாதானம் செய்தார்கள். மகன் மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான்.

அதே மகன்தான் இப்போது, லைட் வைத்த பெட்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்திருந்தான். அந்த லைட்டை மட்டும் எடுக்கச் சொல்லுப்பா, அவள் முகத்தை ஒருதரம் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நாலு சனம் வந்து போற எடமுங்க மாமா. வெறும் பொட்டிய வெச்சா, அம்மாவ சும்மா அனுப்பிட்டான்னு பேசுவாங்க."

ஊர் பேசுவதற்குத்தான் வெள்ளையும்… ஊர் பேசுவதற்குத்தான் கலரும். நடுவில் அவளை யார் கேட்டார்கள்?

ப்ளக்கைப் பிடுங்கலாம் என்றால், பெட்டிக்கான குளிரும் அதே ஒயரில். ஸ்விட்சோ நான் வைக்கவேயில்லை. வாசலில் இருந்த ஜெனரேட்டர்காரரிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கினேன். மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, பிரீசெட்டைக் கடைசிவரை திருப்பினேன். நிறங்களின் ஓட்டம் தளர்ந்தது. சிவப்புக்கு வந்தது, அப்படியே நின்றுகொண்டது.

அப்போதுதான் அக்காவின் நெற்றியைக் கவனித்தேன். பொட்டு வைக்கவிடாத நெற்றி. செக்கச்செவேலென்று இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அக்கா மகன் வேகமாக வந்தான். "ஏனுங்க மாமா, லைட்டு மாற மாட்டீங்குது? கெட்டுப்போச்சுங்களா?"

"லைட்டு நல்லாத்தான் இருக்குது சாமி. கலரைத்தான் லேட்டாக் குடுத்திருக்கறீங்க."