மாமாவின் ஏழு மணி நேரம்

என் அக்கா கணவருக்கு டிப்போவில் "ரெண்டு நிமிஷம்" என்று பட்டப்பெயர். பஸ் நிலையத்தில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்தவர். ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதமாக வந்தாலும் போதும், கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "காரணம்?" என்பார். பஞ்சர், ரயில்வே கேட், மழை எதுவும் அவரிடம் செல்லாது. பதிவேட்டில் டிரைவர் பெயருக்கு நேரே சிவப்பு மை விழும்.

அந்தச் சிவப்பு மை ஒருநாள் பெற்ற மகள் மேலேயே விழுந்தது. அக்காவுக்குத் திடீரென்று ஆபரேஷன் நடந்தபோது, வெளிநாட்டிலிருந்த அவள் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். அவள் திரும்பிப் போகும் டிக்கெட்டை மாமா வாங்கிப் பார்த்தார். காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, அதே நாள் மாலை நான்குக்கு வருகை.

"ஏழு மணி நேரம்! இதுக்கா மூணு நாள்?"

"மாமா, அங்க சாயங்காலம் நாலுன்னா இங்க நடுராத்திரி ஒண்ணரை."

"டைம்கீப்பர் நீயா, நானா?"

மகள் ஊரில் விடியும்போது நமக்கு மதியம் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரே டிக்கெட்டுக்குள் இரண்டு கடிகாரம் ஓடும் என்பதை மட்டும் மனிதர் ஒப்பவில்லை. மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார், ஒன்றரை வருடம். அக்கா அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது.

பிறகு மகளுக்குக் குழந்தை பிறந்தது. அக்கா பிரசவத்துக்கே போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து எங்கள் இருவருக்கும் டிக்கெட் வந்தது. "ஏழு மணி நேரம்தானே, போய்த் தொலைப்போம்," என்று மாமா பெரிய மனது பண்ணினார்.

விமானத்தில் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சரியாக நான்கு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், உக்காருங்க," என்றாள் பணிப்பெண்.

"நாலாச்சும்மா. இன்னும் இறக்கல. காரணம்?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் இருக்கையின் முன்னிருந்த திரையைக் காட்டினாள். இன்னும் எட்டாயிரம் கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம். பாதி வழிகூட வந்திருக்கவில்லை.

மாமா உட்கார்ந்தார். திரையில் குட்டி விமானம் கடலின் மேல் நகர்வதாகவே தெரியவில்லை. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லக் கேட்டார்.

"அன்னைக்கு அவளுக்கு நாம எப்ப சொன்னோம்?"

"ஆபரேஷன் அன்னைக்குக் காலைல, மாமா."

லீவு, டிக்கெட், இந்தக் கடல் என்று விரல்விட்டு எண்ணினார். "அடப்பாவமே, புள்ள எங்கயும் நிக்காம ஓடி வந்திருக்காடா," என்றார்.

வெளியே மகள் குழந்தையோடு காத்திருந்தாள். அப்பா பேசுவாரா மாட்டாரா என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"லேட்டாயிடுச்சாப்பா?"

"ஒண்ணரை வருஷம் லேட்டும்மா."

அவர் மகளாயிற்றே, கேட்டாள்: "காரணம்?"

முப்பது வருடத்தில் எந்தப் பதிவேட்டிலும் எழுதாத ஒன்றை மாமா சொன்னார்.

"டைம்கீப்பர்."